சுவருக்கு இந்தப் பக்கம் வரை உங்கள் வேலை

கேள்வி இதுதான்: பெங்களூரில் ஒரு அடுக்கு மாடிக் குடியிருப்பில் ஒருவர் வாடகைக்கு இருக்கிறார். சமையலறைக் குழாய் சொட்டுகிறது, பாத்ரூமில் ஆங்கிள் காக் (சுவரிலிருந்து வரும் தண்ணீரைத் திறந்து மூடும் சின்ன வால்வு) கசிகிறது. ப்ளம்பரைக் கூப்பிட்டால் "நாளைக்கு வர்றேன் சார்" என்று நாலு நாளாகச் சொல்கிறார். நானே செய்துவிடலாமா, எதில் கை வைக்கலாம், எதில் கூடாது என்று கேட்கிறார்.

செய்யலாம். ஆனால் நீங்கள் சொன்ன இரண்டும் ஒரே மாதிரி வேலை இல்லை. குழாய் சொட்டுவதை இன்றைக்கே சரிசெய்துவிடலாம். ஆங்கிள் காக்கைத் தொடுவதற்கு முன்னால் இதை முழுதாகப் படித்துவிடுங்கள். சர்ஜாப்பூர் ரோடு பக்கம் அடுக்ககப் பராமரிப்பைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை மாலையில் எனக்கு வரும் போன்களில் பாதி, யாரோ ஒருவர் எதையோ சரிசெய்யப் போய் நடுவில் மாட்டிக்கொண்டு கூப்பிடுவதுதான்.

நான் வைத்திருக்கும் கணக்கு ரொம்பச் சாதாரணம். சுவருக்கு வெளியே, கண்ணுக்குத் தெரிகிற மூட்டு என்றால் நீங்களே கை வைக்கலாம். டைல்ஸுக்குப் பின்னால் இருக்கிற மூட்டு என்றால் வேண்டாம். வெளியே தப்பு நடந்தால் தரை நனையும், துடைத்துவிடலாம். உள்ளே தப்பு நடந்தால் அது தெரியவே சில வாரம் ஆகும், தெரிவதும் முதலில் கீழ்வீட்டுக்காரருக்குத்தான். "நம்ம பாத்ரூமல்லி நீரு சோர்தா இதெ" (எங்க பாத்ரூமில் தண்ணீர் ஒழுகுது) என்று அவர் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் படத்தோடு போட்ட பிறகு, அது உங்கள் வீட்டுப் பிரச்சினையாக மட்டும் இருக்காது.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் தண்ணீரை நிறுத்தத் தெரிய வேண்டும். கேட்டால் எல்லாரும் தெரியும் என்பார்கள். போய்ப் பார்த்தால் தெரியாது. ஃப்ளாட் என்றால் பொதுவாக ஒவ்வொரு பாத்ரூமிலும் சுவரில் புதைத்த ஸ்டாப் காக் (தண்ணீரை நிறுத்தும் வால்வு) ஒன்று இருக்கும். சமையலறைக்கும் யுடிலிட்டிக்கும் (துணி துவைக்கும் இடம்) சேர்த்து ஒன்று இருக்கும். இவற்றுக்கு மேல், பைப்கள் போகும் டக்ட்டிலோ பாத்ரூம் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலோ வீட்டுக்கான மெயின் வால்வு இருக்கும். எது எதை மூடுகிறது என்று வேலை எதுவும் இல்லாத ஒரு நாளில் மூடிப் பார்த்து, மார்க்கரால் எழுதி வையுங்கள். மூடியபின் குழாயைத் திறந்து விட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். பைப்பில் தங்கியிருந்த தண்ணீர் வடிந்து சொட்டும் நின்றால்தான் வால்வு சரியாக மூடுகிறது என்று அர்த்தம்.

இதிலேயே ஒரு விபத்து ஒளிந்திருக்கிறது. வட்டக் கைப்பிடி வைத்த பழைய கேட் வால்வைப் பத்து வருடமாக யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் போய் முழு பலத்தோடு திருப்பினால் உள்ளே இருக்கும் தண்டு முறிந்துபோகும். கைப்பிடி உங்கள் கையோடு வந்துவிடும், தடுப்பு பாதி இறங்கிய நிலையில் உள்ளேயே நிற்கும். அதை மாற்ற அந்த வரிசை முழுவதற்கும் மாடியிலிருந்து தண்ணீரை நிறுத்த வேண்டும். அன்று மாலை லிஃப்ட்டில் யாரும் உங்களோடு முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். இறுகிய வால்வைக் கால் சுற்று முன்னால், கொஞ்சம் பின்னால், மறுபடி முன்னால் என்று பொறுமையாக அசைத்துத்தான் மூட வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் விட்டுவிட்டு அசோசியேஷன் ஆளிடம் சொல்லுங்கள். நெம்புகோல் மாதிரி நீளக் கைப்பிடி வைத்த பால் வால்வு என்றால் கவலை குறைவு: கைப்பிடி பைப்போடு ஒரே திசையில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்காக இருந்தால் மூடியிருக்கிறது.

அல்சூர், ஸ்ரீராமபுரம் போன்ற பழைய பகுதிகளில் தனி வீடு என்றால் மொட்டை மாடித் தொட்டிக்குக் கீழேயே வால்வு இருக்கும். அங்கே பெரும்பாலும் ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப். அதைப் பற்றி நான் சொல்வது ஒன்றுதான்: துருப்பிடித்த ஜி.ஐ. மூட்டை வீட்டு ஸ்பேனரால் அசைக்காதீர்கள். நீங்கள் திருகும் இடம் வராது, அதற்கு அந்தப் பக்கம் இருக்கும் இன்னொரு மூட்டு உடையும்.

எந்த மாடியில் இருக்கிறீர்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள். 10 மீட்டர் உயரத் தண்ணீர் சதுர சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ அழுத்தம் தரும். ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்றால், 15 மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் குழாயைத் தள்ளும் அழுத்தம் நாலரைக் கிலோ. மேல்மாடியில் ஒரு கிலோகூட இருக்காது. அதனால்தான் பெரிய கட்டடங்களில் இடையிடையே அழுத்தம் குறைக்கும் வால்வு போடுகிறார்கள். மேல்மாடியில் இருக்கும் உங்கள் நண்பர், "நான் சும்மா கையால முறுக்கினேன், ஒரு சொட்டு ஒழுகல" என்பார். அதே முறுக்கலை நீங்கள் இரண்டாவது மாடியில் செய்தால் பீய்ச்சி அடிக்கும்.

சரி, சமையலறைக் குழாய். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 20 லிட்டர் வரை போகும், ஒரு கேன் தண்ணீர். காவேரித் தண்ணீர் டி.கே. ஹள்ளி நீரேற்று நிலையத்திலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர், பல கட்டப் பம்பு வைத்து மேலேற்றித்தான் இந்த ஊருக்கு வருகிறது. 2024 அக்டோபரில் தினமும் 77.5 கோடி லிட்டர் கொண்டுவரும் ஐந்தாம் கட்டம் தொடங்கிய பிறகும் பல குடியிருப்புகள் போர்வெல்லையும் டேங்கரையும் விட முடியவில்லை. அந்த உப்புத் தண்ணீர்தான் உங்கள் குழாயைக் கெடுத்தது.

பல சுற்றுத் திருகித் திறக்கும் பழைய குழாய் என்றால் உள்ளே ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும். சில ரூபாய் வேலை. கால் சுற்றில் திறக்கும் குழாய் என்றால் உள்ளே இரண்டு பீங்கான் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று நகரும் ஸ்பிண்டில். இடையில் உப்புத் துகள் புகுந்து கீறியிருந்தால் ஸ்பிண்டிலையே மாற்ற வேண்டும். வால்வை மூடிவிட்டு, முதல் காரியமாக சிங்க்கின் ஓட்டையில் ஒரு பழைய துணியை அடையுங்கள். கைப்பிடியைப் பிடித்திருக்கும் திருகு கடுகு சைஸில் இருக்கும். அது ஓட்டைக்குள் விழுந்துவிட்டால் ஒரு வேலை இரண்டாகிவிடும். கைப்பிடியின் மேல் மூடியை நகத்தாலோ மெல்லிய கத்தியாலோ நெம்பினால் உள்ளே திருகு தெரியும். சில குழாய்களில் பின்பக்கம் சின்ன ஓட்டைக்குள் ஆலன் கீ போட வேண்டியிருக்கும். ஸ்க்ரூ ஸ்பேனரின் வாயில் துணி சுற்றிப் பிடித்தால் குரோம் கீறாது.

கழற்றிய ஸ்பிண்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், படம் போதாது. வெளியே பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் தண்டின் பல் எண்ணிக்கையும் உயரமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மிக்ஸர் என்றால் வெந்நீர்ப் பக்கமும் குளிர்ந்த தண்ணீர்ப் பக்கமும் பெரும்பாலும் எதிர் எதிராகத் திரும்பும். அதைச் சொல்லி வாங்காவிட்டால் மாட்டியபின் கைப்பிடி தலைகீழாக நிற்கும். ஒற்றைக் கைப்பிடி மிக்ஸரில் ஸ்பிண்டிலுக்குப் பதில் இருக்கும் கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் 35 மி.மீ. அல்லது 40 மி.மீ. பக்கத்துக் கடையில் கிடைக்காதது எஸ்.ஜே.பி. ரோட்டில் கிடைத்துவிடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். அதனால்தான் சொல்கிறேன், கடை திறந்திருக்கும் நேரத்தில் மட்டும் எதையும் கழற்றுங்கள்.

சொட்டுவதற்கு நேர்மாறான புகார், தண்ணீர் மெதுவாக வருகிறது என்பது. 2024 கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது வணிக வளாகங்களுக்கும் அடுக்ககங்களுக்கும் குடிநீர் வாரியம், குழாய் நுனியில் மாட்டும் சல்லடையான ஏரேட்டரைக் கட்டாயமாக்கியது. அவசரத்தில் எல்லாரும் வாங்கி மாட்டினார்கள். அந்தச் சல்லடையில் மணலும் உப்பும் பைப் வெட்டிய தூளும் சேர்ந்து அடைத்துக்கொண்டால், மனிதர்கள் வால்விலிருந்து ஸ்பிண்டில் வரை எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிடுகிறார்கள். முதலில் குழாய் நுனியில் இருக்கும் அந்த ஏரேட்டரைக் கையால் திருகி எடுத்துப் பாருங்கள். வினிகரிலோ எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரிலோ இரவு ஊற வைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். எந்தக் குழாய் வேலை முடிந்தாலும் ஏரேட்டர் இல்லாமல் ஒரு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, அப்புறம் மாட்டுங்கள்.

இப்போது ஆங்கிள் காக். கசிவு எங்கே என்று பாருங்கள், மூன்று இடங்கள் உண்டு. காகிதத் துண்டால் முழுவதையும் நன்றாகத் துடைத்துவிட்டு, புதுத் துண்டை ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்த்தால் எது முதலில் நனைகிறது என்று தெரிந்துவிடும். கனெக்‌ஷன் பைப் வந்து சேரும் நட்டில் கசிந்தால் அது பத்து நிமிட வேலை: நட்டைக் கழற்றி உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரை மாற்றுங்கள். அங்கே டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். தண்ணீரை அடைப்பது வாஷர்தான், டேப் சுற்றினால் நட்டு முழுதாக ஏறாது. கையால் முறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று, அவ்வளவுதான். கைப்பிடியின் அடியில் கசிந்தால் ஸ்பிண்டில் போய்விட்டது என்று பொருள். அதுவும் உங்கள் வேலைதான்.

சுவரை ஒட்டிக் கசிந்தால் அங்கே நிறுத்துங்கள். அந்த வட்டத் தகட்டுக்குப் பின்னால், சிமென்டுக்குள், சி.பி.வி.சி. பிளாஸ்டிக்கில் எல்போ (வளைவு மூட்டு) ஒன்று இருக்கிறது. நல்ல பில்டர் என்றால் அதனுள் பித்தளை மரை பதித்திருக்கும்; கணக்குப் பார்த்தவர் என்றால் மரையும் பிளாஸ்டிக்தான். எதைப் போட்டிருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து தெரியாது. பழைய ஆங்கிள் காக் இறுகியிருக்கிறதே என்று பெரிய பைப் ரெஞ்ச்சைப் போட்டு இழுத்தால் காக் மட்டும் திரும்பாது, எல்போவும் சேர்ந்து முறுக்கும். பித்தளை பிளாஸ்டிக்கிலிருந்து விடுபட்டுச் சுற்றும், அல்லது பிளாஸ்டிக்கில் மயிரிழை விரிசல் விழும்.

புதிதாக மாட்டும்போது வரும் சிக்கல் வேறு. ஆங்கிள் காக்கின் வாய் கீழ்நோக்கி நிற்க வேண்டும். நீங்கள் முறுக்க முறுக்க அது இறுகி, வாய் பக்கவாட்டைப் பார்த்தபடி நின்றுவிடும். இன்னும் முக்கால் சுற்றுப் போனால் நேராகும், ஆனால் போக மறுக்கும். இந்த இடத்தில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஒருவர் மூச்சைப் பிடித்து முக்கால் சுற்றையும் தள்ளி உள்ளே எல்போவை உடைப்பார். இன்னொருவர் கால் சுற்றுப் பின்னால் திருப்பி நேராக்குவார். டெஃப்லான் ஒருமுறை பிடித்த பிறகு பின்னால் திருப்பினால் பிடிப்புப் போய்க் கசியும். சரியான வழி, முழுதாகக் கழற்றி, டேப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதிதாகச் சுற்றும்போது இரண்டு மூன்று சுற்றைக் கூட்டியோ குறைத்தோ பார்ப்பது. வாய் கீழே வரும் இடமும் இறுகும் இடமும் ஒன்றாகும் வரை அதையே செய்வார் நல்ல ப்ளம்பர். மரை முனையை உங்கள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, கடிகார முள் சுற்றும் திசையில், இழுத்துப் பிடித்துச் சுற்ற வேண்டும். நம்மூர் மெல்லிய டேப் என்றால் எட்டுப் பத்துச் சுற்று. எதிர்த் திசையில் சுற்றினால் முறுக்கும்போது டேப் சுருண்டு வெளியே வந்துவிடும்.

பி.டி.எம். லேஅவுட்டில் எனக்குத் தெரிந்த ஒரு பையன் இந்த முக்கால் சுற்றைத் தள்ளினான். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். தண்ணீரைத் திறந்து பார்த்தான், வெளியே ஒரு பொட்டு ஈரமில்லை; வேலை முடிந்தது என்று படம் எடுத்து வீட்டுக்கெல்லாம் அனுப்பினான். சில வாரம் கழித்துக் கீழ்வீட்டுப் பாத்ரூம் கூரையில் ஓதம் ஏறி, பெயின்ட் கொப்பளமாகக் கிளம்பியது. எல்போவின் விலை நூறு ரூபாயைத் தொடாது. சுவரை உடைத்ததும், அந்த நிற டைல்ஸ் எங்கேயும் கிடைக்காமல் வேறு நிறத்தில் ஒட்டுப்போட்டதும், கீழ்வீட்டுக் கூரைக்குப் பெயின்ட் அடித்ததும்தான் செலவு. அந்தச் சத்தம் கேட்டால் உடனே வால்வை மூடிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். வெளியே ஒழுகவில்லை என்பதை நம்ப வேண்டாம்.

இதே சுவருக்குள் போகும் இன்னொரு வழி ட்ரில் மெஷின். டவல் ராட் மாட்ட, கண்ணாடி மாட்ட என்று துளை போட்டுப் பைப்பில் இறக்குவது, நான் பார்த்த வீட்டு விபத்துகளில் அடிக்கடி நடப்பது. பைப்கள் பெரும்பாலும் குழாய், ஷவர், கீசர் இருக்கும் இடங்களுக்கு நேர் மேலேயும் கீழேயும், அவற்றுக்கு இடையே படுக்கையாகவும் போகும். அந்தக் கோடுகளில் துளை போடாதீர்கள். தண்ணீர் பீய்ச்சினால் பதறி ட்ரில் பிட்டை உருவ வேண்டாம். அது அடைத்துக்கொண்டிருக்கும் வரை தண்ணீர் குறைவாகத்தான் வரும். அதற்குள் வால்வை மூடிவிடலாம். எம்-சீல் பசையை அப்பி மேலே டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ராத்திரியைத் தாண்ட அது உதவும், சுவருக்குள் நிரந்தரமாக நிற்காது.

பைப்பை வெட்டி ஒட்டுவது பற்றிச் சுருக்கமாக. மஞ்சள் சாயலில் இருப்பது சி.பி.வி.சி., வெந்நீருக்கும் தாங்கும். வெள்ளையாக இருப்பது யு.பி.வி.சி., குளிர்ந்த தண்ணீருக்கு மட்டும். இரண்டையும் அரை இஞ்ச் என்றே கடையில் கேட்பார்கள், ஆனால் வெளி விட்டம் வேறு. முன்னது சுமார் 16 மி.மீ., பின்னது 21 மி.மீ.க்கு மேல். ஒன்றின் கப்ளர் மற்றதில் சேராது, பசையும் வேறு. பசை பிளாஸ்டிக்கின் மேல்தோலைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்குகிறது, அதனால் ஈரத்தில் பிடிக்காது. மேல் வால்வு லேசாகக் கசிந்துகொண்டிருக்கும்போது ஒட்டினால் மறுநாள் பிய்த்துக்கொள்ளும். புதைக்காத, யுடிலிட்டியில் வெளியே ஓடும் பைப் என்றால் முயன்று பார்க்கலாம்.

டாய்லெட் பக்கத்தில் தொங்கும் ஹெல்த் ஃபாசெட்டைச் சொல்லாமல் விடக்கூடாது. கையில் அழுத்தும் பிடியை விட்டால் தண்ணீர் நிற்கிறது, ஆனால் அந்த ஓஸ் முழு அழுத்தத்தில் அப்படியே இருக்கிறது. வெளியே ஸ்டீல் சுற்று, உள்ளே வெறும் ரப்பர். அது வெடிப்பது எப்போதும் வீட்டில் யாரும் இல்லாத நேரம். ஒவ்வொரு தடவையும் ஆங்கிள் காக்கை மூடுங்கள். ஊருக்குப் போகும்போது மெயின் வால்வையே மூடிவிட்டுப் போங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்களின் வீட்டில், கதவுக்கு அடியிலிருந்து லிஃப்ட் வரை தண்ணீர் ஓடியதை நான் பார்த்திருக்கிறேன்.

அடைப்பு எடுப்பது தைரியமாகச் செய்யக்கூடிய வேலை. வாஷ் பேசினுக்குக் கீழே இருக்கும் பாட்டில் ட்ராப்பின் அடிப்பகுதியைக் கையால் திருகினாலே கழன்றுவிடும். கீழே வாளி வையுங்கள். மயிரும் சோப்பும் கலந்த கறுப்புக் கூழ் வரும், மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாளியில் விழுந்ததை மட்டும் அதே பேசினில் கொட்டாதீர்கள். சிரிக்க வேண்டாம், ட்ராப்பைக் கழற்றி வைத்துவிட்டு அப்படிக் கொட்டி, தன் காலிலேயே வாங்கிக்கொண்டவர்கள் நிறையப் பேர். திரும்ப மாட்டும்போது ரப்பர் வளையம் அதன் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காஸ்டிக் தூளைப் போடுவதாக இருந்தால் பாக்கெட்டில் சொன்ன அளவோடு நிறுத்துங்கள். அது தண்ணீர் பட்டதும் கொதிக்கும், நிறையக் கொட்டினால் உள்ளேயே கல்லாகக் கட்டிக்கொள்ளும். தூள் போட்டும் போகவில்லை என்றால், வரும் ப்ளம்பரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். அவர் வெறும் கையை உள்ளே விடுவார், பாவம். பாத்ரூம் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாக ஊற்றவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

கீசரில் உங்கள் எல்லை கனெக்‌ஷன் பைப்போடு முடிகிறது. அதையும் மெயின் சுவிட்சை அணைத்து, தண்ணீர் ஆறிய பிறகுதான். சூடாகும்போது அதன் சேஃப்டி வால்வில் சில சொட்டு வருவது அது வேலை செய்வதன் அடையாளம். ஒழுகுகிறது என்று அதை டம்மி (மூடி) போட்டு அடைத்தால், உள்ளே ஏறும் அழுத்தத்துக்குப் போக வழியில்லாமல் டேங்க் வெடிக்கக்கூடும்.

ப்ளம்பரை வரவைப்பதற்கு ஒரு யோசனை: "பாத்ரூம்ல ஒழுகுது" என்று மட்டும் சொன்னால் அவர் எதையும் எடுக்காமல் வந்து பார்த்துவிட்டு, சாமான் வாங்கப் போய் மறுநாள்தான் திரும்புவார். கசியும் இடத்தைக் கிட்டத்தில் ஒரு படமும் தள்ளி நின்று ஒரு படமும் எடுத்து, எந்த மாடி, வால்வு மூடுகிறதா இல்லையா என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். சின்ன வேலைக்குத் தனியாக வர அவருக்குக் கட்டாது. பக்கத்து வீடுகளிலும் கேட்டு இரண்டு மூன்று வேலையாகச் சேர்த்துச் சொன்னால் அன்றைக்கே வருவார்.

வாடகை வீடு என்றீர்களே. உங்கள் ஆங்கிள் காக் சுவரை ஒட்டித்தான் கசிகிறது என்றால், அதை இன்றைக்கே வீட்டுக்காரருக்குப் படத்தோடு வாட்ஸப்பில் அனுப்பி வையுங்கள். சுவருக்குள் இருப்பது அவர் செலவு. பேச்சில் மட்டும் சொன்னால், காலி செய்யும்போது அட்வான்ஸில் கழித்துவிடுவார்கள். நீங்களாகக் குழாயை மாற்றினால் பழையதை ஒரு கவரில் போட்டு லாஃப்ட்டில் வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது அதை மாட்டிவிட்டு உங்களுடையதை எடுத்துக்கொண்டு போகலாம்.